நீராழிப் பள்ளத்தில் தவளை இல்லை

அக்டோபர் 9, 1996. சங்கிலிப்பாறை முகாம்

ஒருவழியாக வந்து சேர்ந்தாயிற்று. பதினொரு வருடம் கழித்து ஆவிமொட்டை மலையில் கால் வைக்கிறேன். மலை அப்படியேதான் இருக்கிறது. எனக்குத்தான் பாதி ஏற்றத்திலேயே மூச்சு வாங்கியது. கரும்பலகைக்கு முன்னால் நின்று பழகிய கால், வேறென்ன செய்யும்.

பேராசிரியர் ஞானமுத்து எனக்கு முன்பே வந்து, கூடாரத்துக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாம்மா பகவதி, நல்லா இருக்கியா?" என்றார், மலைக்கே கேட்கும்படி. ஏதோ போன வாரம் பிரிந்தவர் மாதிரி. "நல்லா இருக்கேன் சார்" என்றேன். சிரிக்கவும் செய்தேன். எனக்கு இவ்வளவு நடிப்பு வரும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒன்றை முதல் நாளே எழுதி வைக்கிறேன். நான் தவளை எண்ண வரவில்லை. இந்த ஆளை நாலு பேருக்கு முன்னால் தலைகுனிய வைக்க வந்திருக்கிறேன். எப்படி என்று இன்னும் தெரியாது.

அக்டோபர் 10

நாள் முழுக்க மழை. வெளியே தலை நீட்ட முடியவில்லை. காலுறையைப் பிழிந்து அடுப்புக்கு மேலே தொங்கவிட்டேன். கூடாரம் பூராவும் கருவாட்டு வாசனையும் காலுறை வாசனையும்.

இந்தக் கணக்கெடுப்பு எதற்கு என்று தலைமையாசிரியைக்கு எழுதிய விடுப்பு விண்ணப்பத்தில் இரண்டு வரியில் சொல்லியிருந்தேன். மலையின் மேற்கே நீராழிப் பள்ளம் என்று ஒரு பள்ளத்தாக்கு. நடுவில் ஓடை, இரண்டு கரையிலும் ஆள் நுழைய முடியாத சிறுமூங்கில். அந்த ஓடையை மறித்து மின்சாரத்துக்கு அணை கட்டப் பார்க்கிறார்கள். கட்டினால் பள்ளம் தண்ணீருக்குள் போய்விடும். அதற்கு முன் அங்கே என்னென்ன உயிர் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லி உத்தரவு. பறவைக்காரர்களும் செடிகொடிக்காரர்களும் வந்து போய்விட்டார்கள். தவளைக்குப் பேராசிரியரும் நானும். எங்களுக்குத் துணையாக வனக்காவலர் சுடலையாண்டி. மாதக் கடைசியில் மதிப்பீட்டுக் குழு நேரில் வரும்.

குழு கேட்கப்போவது ஒரே ஒரு தவளையைப் பற்றித்தான். மூங்கில் தவளை. இந்த மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. கிழக்குச் சரிவில் இருப்பதாகக் கட்டுரையில் போட்டிருக்கிறது. பள்ளத்திலும் இருந்தால் அணை இல்லை. இல்லாவிட்டால் அணை.

அந்தத் தவளையைக் கண்டுபிடித்தது நான். கிழக்குச் சரிவில் அல்ல, இதே நீராழிப் பள்ளத்தில். 1985-இல் பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். காய்ந்து சாய்ந்து கிடந்த ஒரு மூங்கிலைப் பிளந்தபோது உள்ளே கட்டைவிரல் நகம் அளவில் பச்சையாக உட்கார்ந்திருந்தது. கண்ணைச் சுற்றி மஞ்சள். முட்டைகளைக் காவல் காத்துக்கொண்டிருந்தது. பாட்டிலில் போட்டு, சீட்டு ஒட்டி, அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். ஆறு மாதம் கழித்து வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் அவர் பெயரில் மட்டும் கட்டுரை வந்தது. முந்தைய வருடமே கிழக்குச் சரிவில் அவரே பிடித்தாராம்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. புதிய உயிருக்கு யார் பெயர் வைத்து அச்சில் ஏற்றுகிறாரோ, அந்த உயிரின் பெயருக்குப் பின்னால் அவர் பெயரையும் சேர்த்து எழுதுவார்கள், உலகம் உள்ளவரை. தவளைக்குத் தன் மனைவி ஸ்டெல்லாவின் பெயரை வைத்தார். அதன் பின்னால் தன் பெயர். நான் புகார் கொடுத்தேன். விசாரணையில், அவருடைய பாட்டிலிலிருந்து ஒரு தவளையைத் திருடி என் சீட்டை ஒட்டினேன் என்று சொன்னார். பேராசிரியர் சொல்வது எடுபடுமா, மாணவி சொல்வது எடுபடுமா? என் ஆராய்ச்சிப் பதிவை ரத்து செய்தார்கள். அதற்குப் பிறகு அப்பா யாரிடமும் என் படிப்பைப் பற்றிப் பேசவே இல்லை. பேசாமலே போய்ச் சேர்ந்தார்.

அக்டோபர் 12

இன்று சாயங்காலம் முதல் தடவையாகப் பள்ளத்தில் இறங்கினோம்.

இந்தத் தவளையைப் பார்த்துக் கணக்கெடுக்க முடியாது. மூங்கிலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாக உள்ளே போய்விட்டால் வெளியே வராது. மூங்கிலை வெட்டக் கூடாது என்று அனுமதியிலேயே போட்டிருக்கிறார்கள். ஆகவே காதுதான் கருவி. மழை ஈரத்தில் பொழுது சாயும்போது ஆண் தவளை கத்தும். குறித்த இடத்தில் அசையாமல் நின்று கேட்க வேண்டும். கேட்டதைத் தாளில் எழுதி, ஒருவர் கையெழுத்துப் போட, இன்னொருவர் கீழே மறுகையெழுத்துப் போட வேண்டும். டேப் ரெக்கார்டர் ஒன்று தந்திருந்தார்கள். அது மலை ஏறும்போதே ஈரத்தில் செத்துப்போனது.

நின்றோம். கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்தது. டிக்… டிக் டிக். கரண்டியால் கண்ணாடித் தம்ளரைத் தட்டுகிற மாதிரி, மெல்லிய, கூர்மையான சத்தம். முதலில் ஒன்று. பிறகு எதிர்க்கரையில் ஒன்று. பிறகு எங்களைச் சுற்றி எல்லா மூங்கிலிலும். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இவ்வளவு வருடமாக இங்கேயே இருந்திருக்கின்றன.

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு திறந்து என் முகத்தைப் பார்த்தார். "என்னம்மா, இல்லதானே?" என்றார்.

காதுக்குப் பக்கத்தில் கத்துகிறது, இந்த ஆள் இல்லதானே என்கிறார். அணைக்காரர்கள் விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் நேரம் முடிந்ததற்கு அவருடைய கைக்கடிகாரம் கீக்கீக் என்று கத்தியது. அவர் அப்படியே நின்றார். அது பாட்டுக்குக் கத்தி ஓய்ந்தது. நான் பையை எடுத்துத் தோளில் போட்ட பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்து, "ஓ, முடிஞ்சிருச்சா" என்றார்.

"இல்லை சார்" என்றேன். "ஒண்ணும் இல்லை."

அக்டோபர் 13

காலையில் சோதித்துப் பார்த்துவிட்டேன். சிள்வண்டு காதைக் கிழித்துக்கொண்டிருந்தபோது, "இன்னிக்குச் சிள்வண்டே இல்லையே சார்" என்றேன். "ஆமா, இந்த மழைக்கு எங்கயோ ஒடுங்கிருச்சு போல" என்றார். முகத்துக்கு நேராகக் கொசு சுற்றினாலும், கடித்த பிறகுதான் அடிக்கிறார். பேச்சுக் கேட்கிறது, ஓடைச் சத்தம் கேட்கிறது, இடி கேட்கிறது. மெல்லிய கூர்மையான சத்தம் எதுவும் அந்தக் காதில் ஏறவில்லை. வயதானால் வருவதுதான்.

தவளைப் பேராசிரியருக்குத் தவளைச் சத்தம் கேட்காது!

எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஓடையில் பாத்திரம் விளக்கப் போய் வாய்விட்டுச் சிரித்தேன். சுடலையாண்டி எட்டிப் பார்த்து, "என்ன டீச்சரம்மா, தனியா சிரிக்கீய? மோகினி கீகினி புடிச்சிட்டா?" என்றார். "புடிச்சா மோகினிக்குத்தான் கஷ்டம்" என்றேன்.

இப்போது வழி தெரிந்துவிட்டது. நான் எதுவுமே செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். "நீராழிப் பள்ளத்தில் மூங்கில் தவளை இல்லை" என்று அவர் பெயரில் அறிக்கை அச்சாகட்டும். பிறகு நல்ல டேப்போடு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவேன். தான் பெயர் வைத்த தவளைக்கு நடுவில் நின்றுகொண்டு தவளை இல்லை என்று எழுதிய மேதாவி என்று ஊர் சிரிக்கட்டும்.

அணை வேலை தொடங்க எப்படியும் ஒரு வருடம் ஆகும். சர்க்கார் வேலைதானே. அதற்குள் செய்துவிடலாம்.

அக்டோபர் 15

அட்டைக்கடி வீங்கிவிட்டது. மூக்குப்பொடி தடவிய துணியைக் காலில் சுற்றிக்கொண்டு போகச் சொன்னார் சுடலையாண்டி. அட்டை வரவில்லை. தும்மல்தான் வந்தது.

சாயங்காலம் மூன்று இடத்தில் நின்றோம். மூன்றிலும் கத்தின. ஒவ்வொரு இடத்திலும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தே கேட்கிறார். "நல்லா கேட்டியாம்மா? இல்லதானே?" நான் இல்லை என்ற பிறகும் உடனே எழுதுவதில்லை. பேனா காற்றில் நிற்கிறது. நல்ல தண்டனைதான் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டுவார். கீழே நான் போடுவேன்.

அக்டோபர் 17

இன்றும் கத்தின. இன்றும் இல்லை என்றோம்.

அக்டோபர் 19

மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறதாம். கஞ்சி குடிக்கும்போது அவராகவே சொன்னார். வருத்தமாக இருக்கிறது என்றேன், அது பொய்யில்லை. அந்த அம்மாள் நல்லவர். எனக்கு இரண்டு தடவை மீன் குழம்போடு சோறு போட்டிருக்கிறார். என் தவளைக்கு அவர் பெயர் இருப்பது அவர் குற்றமில்லை.

சாயங்காலம் நடந்ததுதான் எரிச்சல். வழக்கமான இடங்களை விட்டுவிட்டு, "வா, அந்தப் பாறைக்குப் பின்னால போவோம்" என்று கூட்டிக்கொண்டு போனார். வழுக்குப் பாறை, பின்னால் அடர்ந்த மூங்கில். 1985-இல் நான் தவளையைப் பிடித்த இடம். எண்ணிப் பத்தடி தள்ளிக்கூட இல்லை. என் பழைய குறிப்பைப் படித்து வைத்திருக்கிறார், வேறெப்படித் தெரியும்? அங்கே என்னை நிறுத்திவிட்டு, "இங்க நல்லா கேளு. அவசரமில்ல" என்றார்.

திருடியவன் திருடிய வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்து, ஏதாவது மிச்சம் இருக்கிறதா பார் என்கிறான். என்ன நெஞ்சழுத்தம்!

அங்கேதான் அதிகமாகக் கத்தின. "இல்லை சார்" என்றேன். "நிச்சயமா?" என்றார். "நிச்சயமா." அவர் முகம் தொங்கிப்போனது. களைப்பாக இருக்கும்.

அக்டோபர் 22

சுடலையாண்டி இன்று எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். திரும்பும்போது, பேராசிரியரை முன்னால் போகவிட்டு, என்னிடம் கேட்டார்.

"டீச்சரம்மா, அந்தா டிக்கு டிக்குன்னு கத்துதே, அது என்னது? தவக்களையா?"

"பூச்சி" என்றேன்.

"பூச்சியா! நான் தவக்களைன்னுல்லா நெனைச்சேன். இந்தக் காட்டுல ராத்தங்காத நாளில்ல, இம்புட்டு நாளா பூச்சியத்தான் தவக்களைன்னு நெனைச்சிக்கிட்டு இருந்திருக்கேன்."

அவர் என்னை நம்பிவிட்டார். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டிக்கொண்டே போனார். சோறு இறங்கவில்லை. பருப்பில் உப்பு அதிகம், அதனால்தான்.

அக்டோபர் 24

நேற்றிலிருந்து மழை விட்டுவிட்டது. வெயில் அடிக்கிறது. துணியெல்லாம் காய்ந்தது, நல்லது. மூங்கிலும் காய்ந்தது. பொழுது சாய்ந்தபோது பள்ளத்தில் ஒரு சத்தம் இல்லை. இன்றைக்கு மட்டும்தான் உண்மையாகவே "இல்லை" என்று எழுதினோம்.

குழு நாளை மறுநாள் வருகிறது. ஓடைக்கரையில் நின்றபோது ஒன்று தோன்றியது. இதற்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதே இல்லை.

அக்டோபர் 26, சாயங்காலம்

செய்துவிட்டேன். எனக்குச் சந்தோஷம் என்றுதான் நினைக்கிறேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மத்தியானம் குழு வந்தது. தலைவர் அனந்தநாராயணன், கூட இரண்டு அதிகாரிகள், ஒரு பொறியாளர். தலைவர் நறுக்கென்று பேசுகிறவர். "கடைசியா ஒருதடவை எங்க முன்னால கேளுங்க. நாங்களும் கேக்கறோம்" என்றார். பொழுது சாயும்போது எல்லோருமாக இறங்கி வழுக்குப் பாறைக்குப் பக்கத்தில் நின்றோம். மழை இல்லை, காற்றுகூட இல்லை. ஓடைச் சத்தத்தைத் தவிர எதுவும் இல்லை. தவளைகள் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. நான் நினைத்தபடியே.

நான் பேராசிரியருக்குப் பக்கத்தில் போய், எல்லோருக்கும் கேட்கும்படி, "சார், அதோ கத்துதே. கேக்குதா?" என்றேன்.

அவர் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். இத்தனை நாளில் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. "ஆமா! ஆமா, கேக்குது" என்றார். குழுவைப் பார்த்து, "கேக்குதுல்லா? மூங்கில் தவளைதான். எனக்கு இந்தச் சத்தம் நல்லாத் தெரியும். நாலைஞ்சு இருக்கும். பள்ளத்துல இருக்கு சார், எழுதிக்கிடுங்க" என்றார். கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்.

பொறியாளர் வாயைப் பொத்திக்கொண்டார். அனந்தநாராயணன், "எங்களுக்கு ஒண்ணும் கேக்கலையே, புரொபசர்" என்றார். பேராசிரியர் என்னைப் பார்த்தார்.

"எனக்கும் கேக்கலை சார்" என்றேன் நான். "கத்துதுன்னு நினைச்சேன். பிரமை போல. நீங்க நாலைஞ்சுன்னு எண்ணியே சொல்லிட்டீங்களே?"

அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நின்ற இடத்திலேயே பாறையில் உட்கார்ந்துவிட்டார். நாலு பேருக்கு முன்னால். நான் கேட்டது போலவே. அப்பா, நீங்கள் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

அதே நாள், சாப்பாட்டுக்குப் பிறகு

குழு தங்கள் கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது. நானும் காப்பி கொடுக்கிற சாக்கில் நின்றேன்.

"இல்லாத தவளையைக் கேட்டவர், இத்தனை வருஷமா எதையெல்லாம் கேட்டாரோ" என்றார் ஒருவர். பொறியாளர், "நமக்கு ஒரு தொல்லை விட்டுச்சு. பள்ளத்துல தவளை இல்லை. தை மாசமே வேலையை ஆரம்பிச்சிரலாம், மெஷினெல்லாம் அடிவாரத்துக்கு வந்தாச்சு" என்றார்.

தை மாதம். ஒரு வருடம் இல்லை, மூன்று மாதம்கூட இல்லை.

"சார், இங்க தவளை இருக்கு" என்றேன். "மழை நாள்ல நான் கேட்டிருக்கேன். நிறைய இருக்கு."

அனந்தநாராயணன் கோப்பைத் திறந்து தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டினார். "இது எல்லாத்துலயும் இல்லைன்னு இருக்கு மேடம். கீழ இருக்கறது உங்க கையெழுத்துதானே?"

என் கையெழுத்துதான். அழகாக, குண்டு குண்டாக, ஒரு தாள் விடாமல்.

பேராசிரியரின் கூடாரத்துக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கத்திக்கிட்டுத்தானே இருந்துச்சு?" என்றார். "மழை பெஞ்ச நாளெல்லாம்?"

"ஆமா."

"எனக்குத் தெரியும். உன் முகத்தைப் பாத்தா தெரியாதா? முதல் நாளே உன் கண்ணு கலங்கிச்சு." கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார். "இந்தக் கணக்கெடுப்புக்கு உன் பேரைப் போடச் சொன்னதே நான்தான். எனக்குக் கேக்காதுன்னு யார்கிட்டயும் சொல்ல முடியல. நீ வந்தா உனக்குக் கேக்கும். இருக்குன்னு ஒருதடவை நீ சொன்னாப் போதும், எழுதிரலாம்னு இருந்தேன். அந்தப் பாறைக்குக்கூடக் கூட்டிட்டுப் போனேன். இன்னிக்கு நீ சொன்னதும், சரி, ஒருவழியாச் சொல்லிட்டான்னு நினைச்சேன்."

"என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே?"

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு?"

"அப்போ இப்பப் போய்ச் சொல்லுங்க. கிழக்குச் சரிவுன்னு எழுதினது பொய்னு சொல்லுங்க. அந்தப் பொய்யினாலதானே இந்தப் பள்ளத்துல தவளை இருக்குன்னு எந்தக் காகிதத்துலயும் இல்ல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அது வேற விஷயம் பகவதி" என்றார்.

அது வேற விஷயமாம். வெளியே வந்துவிட்டேன். ஒரு நிமிடம் இரக்கப்பட்டேன் பாருங்கள், எனக்கு நன்றாக வேண்டும்.

அக்டோபர் 27

விடிந்தும் விடியாமலும் அரிவாளை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குப் போனேன். சத்தம் இல்லையென்றால் தவளையையே கொண்டுவந்து மேசையில் வைக்க வேண்டியதுதான்.

சுடலையாண்டி வழியில் பிடித்துக்கொண்டார். "டீச்சரம்மா, மூங்கில வெட்டுனா என் வேலை போயிரும்."

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க கேட்டது பூச்சி இல்ல. தவக்களைதான். நான் பொய் சொன்னேன். இன்னிக்கு அதைக் காட்டலேன்னா பள்ளத்தோட எல்லாம் முங்கிரும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்சவ்வொ எதுக்கு இப்படிப் பொய் சொல்லுதீய?" என்றார். அரிவாளைக் கீழே இறக்கினேன். "சரி, நான் அந்தப் பக்கமா யானைத் தடம் பாக்கப் போறேன். நான் ஒண்ணையும் பாக்கல."

கீறல் உள்ள மூங்கிலாகத் தேடி வெட்டினேன். வெட்டியதெல்லாம் வெறுமையாக இருந்தது. ஒன்றில் எறும்பு. ஒன்றில் முட்டைகள் மட்டும், காவலுக்கு ஆள் இல்லை. வெட்டு விழுந்த அதிர்ச்சியில் அவை சரிந்து ஓடைத் தண்ணீரில் விழுந்தன. என் கையால். அதற்கு அடுத்த மூங்கிலில் அது இருந்தது. பச்சை உடம்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள். முட்டைகளோடு ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. மூங்கில் துண்டோடு இலையால் மூடி முகாமுக்கு ஓடினேன்.

குழு மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. அனந்தநாராயணன் குனிந்து பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "மேடம், கடுமையாச் சொல்றேன்னு நினைக்காதீங்க. உங்க மேல ஒரு பழைய விசாரணை இருக்குன்னு எனக்குத் தெரியும். வேற எங்கயோ இருந்த தவளையை எடுத்து இடத்தை மாத்தி எழுதினதா. இதை நீங்க கிழக்குச் சரிவுலேர்ந்து கொண்டு வரலைன்னு நான் எப்படி நம்பறது?" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வரும் அழுகை. மூங்கில் துண்டைப் பிடித்துக்கொண்டு மலங்க மலங்க விழித்தபடி நின்றேன்.

"அவ கொண்டு வரல" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பேராசிரியர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தயாராக வந்தவர், அதைக் கீழே வைத்தார்.

"கிழக்குச் சரிவுல இந்தத் தவளை கிடையாது. நான் அங்க பிடிக்கவே இல்ல. எண்பத்தஞ்சுல இந்தப் பள்ளத்துல இவ பிடிச்சா. என் மேசையில கொண்டாந்து வச்சா. நான் எடுத்துக்கிட்டேன். எடுத்தது வெளிய தெரியக்கூடாதுன்னு இடத்தை மாத்தினேன். விசாரணையில இவ திருடினான்னு சொன்னதும் பொய். என் காதும் போயிட்டு, நாலு வருஷமாச்சு. எல்லாத்தையும் எழுதுங்க, கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

யாரும் அவரை வற்புறுத்தவில்லை. அவர் அழவுமில்லை, என்னைப் பார்த்து மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. அனந்தநாராயணன் எழுதினார், பேராசிரியர் படித்துப் பார்த்து, ஒரு இடத்தில் என் தலைப்பெழுத்தைத் திருத்தி, கையெழுத்துப் போட்டார். பொறியாளர் எழுந்து வெளியே போனார். அணை நின்றுவிட்டது என்று அவர் நடையிலேயே தெரிந்தது. நான் ஓடிப்போய் மூங்கில் துண்டை ஓடைக்கரையில் பழைய இடத்திலேயே நட்டு வைத்தேன். முட்டைகள் பிழைக்குமா என்று தெரியாது.

அதே நாள், மத்தியானம்

எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். பதினொரு வருடமாக, குளிக்கும்போதும் விடைத்தாள் திருத்தும்போதும், இந்த வார்த்தைகளைத்தானே அவர் வாயிலிருந்து வரவழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்துவிட்டன. ஆனால் நான் வரவழைக்கவில்லை. என் பழியை அவரே தீர்த்துக்கொண்டுவிட்டார். தவளையை எடுத்துக்கொண்ட மாதிரியே இதையும் என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். இப்போது பார்க்கிறவர்களுக்கு அவர் பெரிய மனுஷர், நான் ஒரு கிழவரைப் பொறி வைத்துப் பிடித்தவள்.

மன்னிக்க மாட்டேன். முன்பு செய்ததற்கும் சேர்த்து, இதற்கும்.

அக்டோபர் 28

ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. காலையில் மலை முழுக்க மேகம் இறங்கி, பக்கத்தில் நிற்கிற ஆள் பாதிதான் தெரிந்தார்.

நேற்றே கிளம்ப வேண்டிய குழு எழுத்து வேலையில் தங்கிவிட்டு இன்று இறங்குகிறது, பேராசிரியரும் கூடப் போகிறார். ஆய்வைத் தொடரச் சொல்லி என்னை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். இறங்குகிற வழி பள்ளத்தைக் கடந்துதான் போகிறது. ஓடை வரைக்கும் கூடப் போனேன், சுடலையாண்டியும் வந்தார். மரியாதைக்கு இல்லை, பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும் என்று.

மேக இருட்டில் பொழுது சாய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டனவோ என்னவோ, தவளைகள் பகலிலேயே பிடித்துக்கொண்டன. இந்தக் கரை, அந்தக் கரை, தலைக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே. இப்படி ஒரு சத்தத்தை நான் எண்பத்தைந்திலும் கேட்டதில்லை. குழு முன்னால் போய்விட்டது. அனந்தநாராயணன் மட்டும் அக்கரையில் நின்று காதில் கை வைத்துக் கேட்பது மேகத்தினூடே நிழலாகத் தெரிந்தது.

பேராசிரியர் நடு ஓடையில் கல்லில் நின்று திரும்பினார். மூங்கிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கத்துதாம்மா?" என்றார். இந்தத் தடவை அவர் கையில் பேனா இல்லை, தாள் இல்லை.

"இல்லை சார்!" என்றேன்.

அவர் சிரித்தார். தலையை ஆட்டிக்கொண்டு, அந்தச் சிரிப்போடேயே அக்கரைக்குப் போய் மேகத்துக்குள் மறைந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

முகாமுக்கு ஏறும்போது சுடலையாண்டி கேட்டார்: "சாரு ரெண்டடி தள்ளித்தான நின்னாவ, எதுக்கு டீச்சரம்மா அந்தக் கத்து கத்துனீய?"

பிறகு எப்படிச் சொல்வது? அந்தத் தவளைச் சத்தத்தில் நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.